முதுகால் திறக்கும் கதவு

“கையால் தள்ளாதீர்கள், முதுகைக் கொடுங்கள்” என்றார் அந்தப் பெரியவர்.

ஆக்ஸ்போர்டுக்கு வடக்கே, தேம்ஸ் கரையில் கிங்ஸ் லாக். லாக் என்றால், இருபுறமும் கதவு வைத்து, உள்ளே தண்ணீர் மட்டத்தை மாற்றிப் படகுகளை ஏற்றி இறக்கும் தொட்டி. நடந்து போனவன் சும்மா நின்று வேடிக்கை பார்த்தேன். கூப்பிட்டு வேலை கொடுத்துவிட்டார்!

கதவோடு சேர்ந்த நீளமான மரத்தண்டு. அதில் முதுகைச் சாய்த்து, காலை ஊன்றித் தள்ள வேண்டும். செக்கு மாட்டின் ஞாபகம் வந்தது. முதலில் அசையவே இல்லை.

“பொறுங்கள், தண்ணீர் இன்னும் சமமாகவில்லை.”

உள்ளேயும் வெளியேயும் மட்டம் ஒன்றாகும் வரை, அந்தக் கதவை யாராலும் திறக்க முடியாதாம். தண்ணீரே அழுத்திப் பிடித்துக்கொள்ளும். சில நிமிடம் கழித்து, ஒரு பெருமூச்சு மாதிரி தளர்ந்து கொடுத்தது பாருங்கள், அந்தக் கணம்!

லெச்லேடிலிருந்து டெடிங்டன் வரை தேம்ஸில் இப்படி 44 லாக்குகள். பலவற்றில் இப்போது பொத்தானை அழுத்தினால் போதும். ஆக்ஸ்போர்டுக்கு மேலே கைவேலைதான்.

பெரியவர் சம்பள ஆள் இல்லை, தன்னார்வலர். அவரே படகுக்காரர். லாக்கை இயக்கும் ஊழியர் இல்லாத நேரத்தில் கயிற்றைப் பிடிக்கவும் கதவைத் தள்ளவும் தனியாக அல்லாடியவராம்.

“அதனால்தான் வந்தீர்களா?” என்றேன்.

“சே, வீட்டில் இருந்தால் தோட்டத்தில் புல் வெட்டச் சொல்வார்கள்.”

நம்புவதா வேண்டாமா தெரியவில்லை. அதற்குள் வளைவில் அடுத்த படகின் சத்தம். லைஃப் ஜாக்கெட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தண்ணீரைத் திறந்துவிடும் சக்கரத்தைச் சுற்றப் போய்விட்டார்.

எனக்கு இன்னும் முதுகு வலிக்கிறது.