மாட்டுக்கு டிபி டெஸ்ட்: வியாழக்கிழமை ஊசி போடாதீர்கள்

ஒரு விடுதிக்குப் பால் ஊற்றப் பேசியிருந்தோம். மாடுகளுக்கு டிபி இல்லை என்று சான்று கேட்டார்கள். டிபி இருந்தால் தோலை வீங்க வைத்துக் காட்டிக்கொடுக்கும் டியூபர்குலின் மருந்துக்கு அலைந்தது தனிக்கதை, அதை விடுங்கள். வியாழக்கிழமை ஊசி போட்டார்கள். கழுத்தில் முடியைக் கத்தரித்து, தோலை மடித்து அதன் தடிமனைக் காலிப்பர் என்ற அளவுகோலால் அளந்து, தோலுக்குள் 0.1 மில்லி. சரியாக இறங்கியிருந்தால் பட்டாணி போல ஒரு முடிச்சு விரலுக்குத் தட்டுப்படும். தட்டுப்பட்டது.

வீக்கத்தை 72 மணி நேரம் கழித்து அளக்க வேண்டும். வியாழனுக்கு 72 மணி நேரம் என்றால் ஞாயிறு! அன்று யாரும் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. செவலைப் பசுவின் கழுத்தில் புடைப்பு கண்ணுக்கே தெரிந்தது. போட்டோ எடுத்து வைத்தேன். செவ்வாய்க்கிழமை வந்த டாக்டர் காலிப்பரை வெளியே எடுக்கவே இல்லை. தடவிப் பார்த்துவிட்டு, “ஒண்ணும் இல்லீங்க, நெகட்டிவ்னு எழுதிக் குடுத்துடறேன்” என்றார். வேண்டாம் என்றேன். பிள்ளைகள் குடிக்கிற பால்.

உடனே மறுபடி போடலாம் என்றால் அதுவும் முடியாது. அடுத்தடுத்துப் போட்டால் நோய் இருக்கிற மாடும் வீங்காமல் ஏமாற்றிவிடும். குறைந்தது 42 நாள் இடைவெளி வேண்டும். அதுவரை விடுதிக்காரரைச் சமாதானம் செய்தது பெரும் பாடு.

அடுத்த முறை வேறு டாக்டர், திங்கட்கிழமை ஊசி, வியாழன் அளவு. பறவைக் காசநோய்க் கிருமியின் டியூபர்குலினையும் பக்கத்திலேயே போட்டார். ஜோனீஸ் என்ற குடல் நோய் போன்ற வேறு நோய்க் கிருமி பட்டிருந்தாலும் தோல் வீங்குமாம். மாட்டு ஊசியின் வீக்கம் பறவை ஊசியைவிட 4 மில்லிமீட்டருக்கு மேல் கூடினால்தான் பாசிட்டிவ். செவலைக்குப் பறவை ஊசிப் பக்கம்தான் அதிகம் வீங்கியிருந்தது. அப்பாடா!

ஆனால் ஒரு கிடாரி பாசிட்டிவும் இல்லாமல் நெகட்டிவும் இல்லாமல் நடுவில் மாட்டிக்கொண்டது, வித்தியாசம் 3 மில்லிமீட்டர். தனியே கட்டி, தனித் தொட்டியில் தண்ணீர் காட்டுகிறோம். மறு டெஸ்ட் வரை காட்டோர மேய்ச்சலும் கிடையாது. மாட்டில் டிபி உண்டாக்கும் ஒரைஜிஸ் கிருமியை மான்களிலும் மனிதர்களிடமும் கண்டறிந்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் பாசிட்டிவ் வந்தால் அரசே மாட்டைக் கொன்று பணம் கொடுத்துவிடும். இங்கே என்ன செய்வது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். “சந்தையில தள்ளி விட்டுடுங்க” என்று சொன்னவரும் உண்டு. வாங்குகிறவன் வீட்டில் குழந்தை இருக்காதா?

சான்றில் டாக்டர் கையெழுத்து வாங்கும்போது ஊசிக்கு முந்தைய தோல் அளவும் 72 மணி அளவும் மாடு வாரியாக எழுதியிருக்கிறதா பாருங்கள். விடுதிக்காரர் முதலில் புரட்டியது அந்தப் பக்கத்தைத்தான்.