டர்பன்ல ரெண்டு டிசம்பர்

டிசம்பர் நெருங்கினாலே மனசு கீழ போயிடுற ஆளுங்க என்ன மாதிரி வேற யாராச்சும் இருப்பீங்க, முக்கியமா ஊர விட்டு வந்து தனியா இருக்கறவங்க. உங்களுக்காகத்தான் இத எழுதுறேன்.

நான் தென் ஆப்பிரிக்கால இருக்கற டர்பன் வந்து எட்டு வருஷம் ஆச்சு, ஊரு திருநெல்வேலி பக்கம். ஒரு ஹோல்சேல் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன், சாட்ஸ்வொர்த்ல ஒரு வீட்டுக்குப் பின்னாடி இருக்கற அவுட்பில்டிங்ல வாடகைக்கு இருக்கேன். 2022-ல விவாகரத்து ஆச்சு, பொண்ணு அவ அம்மா கூட கோயம்புத்தூர்ல இருக்கா. இங்க டிசம்பர்னா நல்ல கோடை, காலைல அஞ்சு மணிக்கு முன்னாடியே விடிஞ்சிடும், ஸ்கூல் லீவு, கட்டட வேலை பாக்கறவங்கள்ல இருந்து ஆபீஸ் வரைக்கும் மாச நடுவுல பூட்டினா ஜனவரில தான் திறப்பாங்க, ரோட்டோரம் லிச்சி விப்பாங்க, ஜோகன்னஸ்பர்க்ல இருந்து குடும்பம் குடும்பமா பீச்சுக்கு வந்து இறங்குவாங்க. ஊருக்கே சந்தோஷமான மாசம், எனக்கு மட்டும் அத நெனச்சாலே வயித்தக் கலக்கும்.

2023-ல ரக்பி உலகக் கோப்பை ஜெயிச்சதுக்காக டிசம்பர் 15-ஐ ஜனாதிபதி ரமபோசா அரசு விடுமுறையா அறிவிச்சாரு, அதனால எங்க ஆபீஸ் 14-ந் தேதி சாயங்காலமே பூட்டிட்டாங்க. தெருவெல்லாம் பாட்டும் பிராய் (கறிய நெருப்புல சுடறது) புகையுமா இருக்கு, நான் வீட்டுக்கு வந்து ஷூ கூட கழட்டாம கட்டில்ல உக்காந்து, திறக்க இன்னும் இருபத்திநாலு நாள் இருக்கேன்னு விரல் விட்டு எண்ணிட்டு இருந்தேன்.

மொத மூணு நாலு நாள் ஓடிடுச்சு, தூங்கினேன், துணி துவைச்சேன். அதுக்கப்புறம் ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வர ஆரம்பிச்சது, அந்த நேரத்துல இந்தியாவுல ஆறரை, ஃபேமிலி குரூப்ல குட்மார்னிங்கும் மார்கழிக் கோலமும் வரிசையா வரும், ஒவ்வொண்ணா பாத்துட்டே படுத்திருப்பேன், அப்ப மனசுக்குள்ள ஒரே ஒரு வரி ஓடும், நான் இல்லேன்னா யாருக்கு என்ன கொறஞ்சு போயிடும்னு. அது ஏதோ யோசனைன்னு கூட எனக்குத் தோணல, உள்ளத உள்ளபடி பாக்குறோம்னு தான் இருந்துச்சு. குளிர்நாட்டுல வெயில் கொறையறப்ப வர்ற மனச்சோர்வு ஒண்ணு இருக்கு, 1984-ல ரோசந்தால்னு ஒரு டாக்டரும் அவர் கூட இருந்தவங்களும் அதுக்குப் பேர் வெச்சு எழுதினாங்க, அதுவா இருக்குமோன்னு கூட தேடிப் பாத்தேன், ஆனா வெளிய வெயில் கொளுத்திட்டு இருந்துச்சு. வேலை நாள்ல கணக்கும் இன்வாய்ஸும் மூடி வெச்சிருந்தது லீவுல மேல வந்துடுச்சு, அவ்ளோதான்னு இப்ப தெரியுது.

ஜனவரி 1 அன்னிக்கு, ரூம்ல இருந்தா ஆகாதுன்னு நார்த் பீச்சுக்குப் போனேன். மணலே தெரியாத அளவுக்கு ஜனம். அங்க தொலைஞ்சு போற பிள்ளைங்கள கண்டுபிடிக்கறதுக்காக கையில பேரும் அப்பா அம்மா போன் நம்பரும் எழுதின பட்டை கட்டி விடுவாங்க, ஒரு அஞ்சு வயசுப் பொண்ணு கைய நீட்டிட்டு நிக்குது, அவங்க அப்பா நம்பரச் சொல்றாரு, பட்டைய கட்டினவங்க திரும்ப ஒரு தடவ படிச்சுக் காட்டுறாங்க. என் பொண்ணு எங்கயாச்சும் தொலைஞ்சா என் நம்பர யாரும் எழுத மாட்டாங்களேன்னு தோணுச்சு. திரும்பி வந்த வழி எனக்கு இப்பவும் ஞாபகம் இல்ல.

அன்னிக்கு ராத்திரி தான் சாடாக் நம்பருக்கு போன் பண்ணேன். சவுத் ஆப்பிரிக்கன் டிப்ரஷன் அண்ட் ஆங்சைட்டி குரூப்னு முழுப் பேரு, மனசு சரியில்லாதவங்களுக்கு உதவற அமைப்பு, 1994-ல ஆரம்பிச்சது, 0800 567 567, இருபத்திநாலு மணி நேரமும் எடுப்பாங்க, லீவு நாள்லயும். எடுத்த பொண்ணு சுத்தி வளைக்கல, சாகணும்னு யோசிக்கிறீங்களான்னு நேரா கேட்டுட்டா. அந்தக் கேள்விய அது வரைக்கும் யாரும் என்கிட்ட கேட்டதில்ல, ஆமான்னு சொன்னதும் ரொம்ப நேரம் அழுதேன், அவ காத்துட்டு இருந்தா. அப்புறம், உங்களுக்கு ரொம்பப் பக்கத்துல இப்ப யாரு முழிச்சிருக்காங்கன்னு கேட்டா. முன்வீட்டு ஆன்ட்டி கிச்சன்ல லைட் எரிஞ்சது. போன வெக்காம போய் கதவைத் தட்டினேன்.

ஆன்ட்டி இங்கயே நாலு தலைமுறையா இருக்கற தமிழ்க் குடும்பம், தமிழ் பேச வராது, கீரைய ஹெர்ப்ஸ்னு தான் சொல்வாங்க. என்ன ஏதுன்னு கேக்கல, ஒரு கிண்ணத்துல பருப்பும் கீரையும் போட்டுக் கொடுத்து எதிர்ல உக்காந்துகிட்டாங்க, நான் சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் எந்திரிக்கவே இல்ல.

டாக்டர பாக்க ஜனவரி ரெண்டாவது வாரம் ஆயிடுச்சு, அது வரைக்கும் அவரும் லீவு. ஒன்பது கேள்வி இருக்கற ஒரு தாள் கொடுத்தாரு, கடைசி ரெண்டு வாரத்துல தூக்கம் எப்படி, பசி எப்படின்னு, மொத்தம் 27 மார்க், கூட வந்தா மனச்சோர்வு அதிகம்னு அர்த்தம், எனக்கு 17 வந்துச்சு. மாத்திரை எழுதினாரு, அது சரியா வேலை செய்ய ரெண்டுல இருந்து ஆறு வாரம் வரைக்கும் ஆகலாம், நீங்களா நிறுத்திடாதீங்கன்னாரு. மொத வாரம் குமட்டல் இருந்துச்சு, அப்புறம் போயிடுச்சு. கணக்கு போட்டுப் பாருங்க, டிசம்பர் நடுவுல முடியாம போய் மாத்திரை ஆரம்பிச்சா பலன் தெரியறதுக்குள்ள லீவே முடிஞ்சிடலாம், அதனால நவம்பர்லயே டாக்டர பாத்துடுங்க, தயவு செஞ்சு தள்ளிப் போடாதீங்க.

அப்புறம் கவுன்சிலர். அவங்க சொல்லிக் கொடுத்தது நோட்டுல எழுதறது. ஆரோன் பெக்னு ஒரு மனநல டாக்டர் 1960-கள்ல உருவாக்கின முறைல இருந்து வந்தது, தானா ஓடுற யோசனைய பிடிச்சு தாள்ல வெச்சு, அதுக்கு என்ன சாட்சி, எதிரா என்ன சாட்சின்னு பாக்கணும். என் நோட்டுல ஒரு பக்கம் அப்படியே சொல்றேன். "பொண்ணுக்கு நான் வேண்டாம்." சாட்சி: மூணு நாளா போன் எடுக்கல. எதிரா: அவங்க பாட்டி வீட்டுக்குப் போயிருக்கா, அங்க டவர் இல்ல, போன வாரம் பல்லு விழுந்தத மொத எனக்குத் தான் காட்டினா. இத எழுதினதும் சந்தோஷமெல்லாம் வந்துடல, ஆனா "வேண்டாம்"ங்கறது அடிச்சு "மூணு நாள் பேசல"ன்னு மாத்தி எழுத முடிஞ்சது. மூணு நாள் பேசலங்கறத தாங்கிக்கலாம் இல்லையா.

2024 டிசம்பருக்கு முன்கூட்டியே தயாரா இருந்தேன். கவுன்சிலர் 20-ந் தேதில இருந்து லீவுன்னு தெரிஞ்சதால அதுக்கு முன்னாடியே உக்காந்து ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வேலை எழுதி வெச்சோம், மனசு வந்தா செய்யலாம்னு இல்ல, மணி ஆனா செய்யணும்னு. புதன், ஞாயிறு இங்க நாலு மணி, அங்க ஏழரை, பொண்ணு கூட வீடியோ கால். போன் ராத்திரி கிச்சன்ல இருக்கும், படுக்கைக்கு வராது. சனிக்கிழமை ஆன்ட்டி கூட கோயிலுக்குப் போய் அன்னதானத்துக்கு காய் நறுக்கணும், மூட்டை மூட்டையா வெங்காயம், பக்கத்துல இருக்கற அங்கிள்மாருங்க கிரிக்கெட் பேசுவாங்க, என்கிட்ட எதுவும் விசாரிக்க மாட்டாங்க, அது எனக்கு எவ்ளோ ஆறுதலா இருந்துச்சு தெரியுமா. மோசமான நாளும் இருந்துச்சு, 25-ந் தேதி மத்தியானம் வரைக்கும் எந்திரிக்கவே முடியல, அத நோட்டுல எழுதிட்டு சாயங்காலம் குளிச்சேன்.

இந்த வருஷத்துக்கு நவம்பர் மொத வாரம் டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் வாங்கியாச்சு. அன்னிக்கு ராத்திரி ஆன்ட்டி கீரை போட்டுக் கொடுத்த கிண்ணம் என்கிட்டயே தங்கிடுச்சு, இன்னிக்கு தான் ஞாபகம் வந்து தேச்சு வெச்சிருக்கேன். வெறுங்கிண்ணமா திருப்பிக் கொடுக்கக் கூடாது, நாளைக்கு எலுமிச்சை சாதம் கிளறணும்.