செல்ஃப் சுத்துது, இன்ஜின் பிடிக்கல: பட்டறையில் மூன்று நாள்

வண்டியை நானே ஓட்டிக்கொண்டு போய்த்தான் பட்டறையில் விட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்த மூன்று நாளும் அங்கே இருந்த ஒருத்தருக்கும் இது ஞாபகத்தில் இல்லை. ஒரு கட்டத்தில் எனக்கே இல்லை.

நாமக்கல் பக்கம் பத்துச் சக்கர வண்டி ஒன்று வைத்து ஓட்டுகிறேன். பி.எஸ். 3, அதாவது பழைய புகை விதிக்கால இன்ஜின், கம்ப்யூட்டர் கிம்ப்யூட்டர் ஒன்றும் கிடையாது. எட்டு வருடம் தாண்டிய வண்டி என்பதால் வருடா வருடம் எஃப்.சி., அதாவது ஆர்.டி.ஓ. தகுதிச் சான்று. இந்தத் தடவை எலி புகுந்து கேபின் வயரிங்கைக் கடித்து வைத்திருந்தது, இன்டிகேட்டர் நினைத்தால் எரியும், சாவி சுவிட்சும் லொடலொட. எஃப்.சி.க்கு முன்னால் எல்லாவற்றையும் ஒரேயடியாக முடித்துவிடலாம் என்று கேபின் வயரிங், புது சாவி சுவிட்ச், அப்படியே சேஸுக்கு ஒரு கோட் பெயின்ட் என்று பேசி விட்டேன். நாலு நாளில் வேலை முடிந்தது. வேலை சுத்தமாகத்தான் இருந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். லைட்டெல்லாம் பளிச்சென்று எரிந்தது.

சாவியைத் திருப்பினேன். டக். இன்னொரு தடவை. டக். அவ்வளவுதான்.

எலக்ட்ரீஷியன் யோசிக்கவே இல்லை. "பேட்டரி இறங்கிப்போச்சுங்கண்ணா, நாலு நாள் நின்ன வண்டி." பக்கத்தில் நின்ற வண்டியிலிருந்து இரண்டு பேட்டரியையும் கழற்றி மாட்டிப் பார்த்தோம், அதே டக். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு செல்ஃப் (இன்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார்) அடித்தால் வெளிச்சம் கொஞ்சம்கூட மங்கவில்லை. பேட்டரி செத்திருந்தால் லைட் அப்படியே படுத்துவிடும் அல்லவா? அதைவிடப் பெரிய அடையாளம் ஒன்று இருந்தது: ஏழெட்டுத் தடவை அடித்ததும் ஆக்சிலரேட்டர் கேபிள் பக்கமிருந்து லேசாகப் புகை வந்தது. கேட்டேன். "புது வயர், அப்படித்தான் வாசம் அடிக்கும்" என்றார். நானும் தலையாட்டினேன், வெட்கக்கேடு.

மறுநாள் காலை இரண்டு பேட்டரியையும் குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு பேட்டரிக் கடைக்குப் போனேன், வண்டி வாடகை தண்டம். கடைக்காரர் லோடு டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குதுங்க, எதுக்கு மாத்தறீங்க?" என்றார். இருபத்தாறாயிரம் ரூபாய் வியாபாரத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் கேட்ட ஒரே கேள்வி, "சேஸுக்குப் பெயின்ட் அடிச்சீங்களா?"

இன்ஜினிலிருந்து சேஸுக்கு வரும் எர்த் பட்டையை, அதாவது கரன்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகிற பட்டையை, பெயின்டர் கழற்றியிருக்கிறார், பெயின்ட் காய்ந்த பிறகு அந்தப் பெயின்டின் மேலேயே போல்ட் வைத்து இறுக்கியிருக்கிறார். செல்ஃப் மோட்டார் இழுக்கிற கரன்ட் சின்னக் கரன்ட் இல்லை, நூற்றுக்கணக்கான ஆம்பியர். திரும்பிப் போக அதற்குச் சரியான வழி இல்லாததால் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் போகப் பார்த்திருக்கிறது, அந்தக் கம்பி சூடாகித்தான் புகை. மீட்டர் இருந்தால் இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் போதும்: ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் கம்பத்திலேயே வையுங்கள், அதன் மேல் இருக்கும் கிளிப்பில் வேண்டாம், இன்னொன்றை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்தில் வைத்து ஒருத்தரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் பழுதில்லை. எனக்கு 6 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. 24 வோல்ட் வண்டியில் கால்வாசி அங்கேயே காணாமல் போகிறது, செல்ஃப் எப்படிச் சுற்றும்? எமரி ஷீட் போட்டு இரும்பு தெரியத் தேய்த்து மாட்டினோம், 0.3க்கு இறங்கியது.

செல்ஃப் புயலாகச் சுற்றியது. இன்ஜின் பிடிக்கவில்லை.

இரண்டாவது சுற்று இங்கேதான் ஆரம்பம், இதில்தான் நான் நொந்துபோனேன். "என் வேலை முடிஞ்சுதுங்கண்ணா, செல்ஃப் சுத்துது பாருங்க, இனி டீசல் சைடுதான்" என்று எலக்ட்ரீஷியன் கையைத் துடைத்துக்கொண்டார். பம்ப் மெக்கானிக்கைக் கூப்பிட்டோம், மதியம் வருகிறேன் என்றவர் ஆறு மணிக்கு வந்தார். ஃபில்டர் தலையில் ஸ்க்ரூவைத் தளர்த்திக் கைப்பம்பால் அடித்து ஏர் எடுத்தார், ஒரு குமிழி இல்லாமல் டீசல் வந்தது. பம்பிலிருந்து இன்ஜினுக்கு டீசல் போகும் நாசில் பைப் நட்டுகளைத் தளர்த்திவிட்டு செல்ஃப் அடிக்கச் சொன்னார், சொட்டு வரவில்லை. (அடிக்கும்போது அங்கே கையைக் கொண்டுபோகாதீர்கள், அந்த பிரஷரில் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும், அது ஆஸ்பத்திரி கேஸ்.) பம்புக்கு டீசல் வருகிறது, பம்பிலிருந்து போகவில்லை. "பம்பை இறக்கணும், பெஞ்சுல ஏத்திப் பார்த்தாத்தான் தெரியும்" என்றார். கழற்றி, கேலிபரேஷன் செய்து, டைமிங் வைத்து மாட்ட நான்கு நாள், செலவு பேட்டரியை விடக் கூடுதல். எஃப்.சி.க்கு இரண்டு நாள்தான் இருந்தது.

அவர் வருகிற வரைக்கும் நாங்கள் சும்மா இல்லை, அடித்துக்கொண்டே இருந்தோம். செல்ஃப் மோட்டாரை ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து வினாடிக்கு மேல் அடிக்கக் கூடாது, அடித்தால் இரண்டு நிமிஷம் ஆறவிட வேண்டும், இல்லாவிட்டால் அது புகைந்துவிடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அடித்தேன், கோபம். கிளீனர் பையன் மட்டும் கேபினில் பாட்டைப் போட்டுவிட்டு ஜாலியாக உட்கார்ந்திருந்தான், நான் அடிக்க அடிக்க அது பாட்டுக்குப் பாடிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் சாவியை விடுகிற நேரத்தில் மட்டும் இன்ஜின் ஒரு உதறு உதறிவிட்டு அடங்கும். இதுதான் முக்கியமான தடயம், பக்கத்தில் நின்ற மூன்று பேரும் பார்த்தோம், மூன்று பேருக்கும் புரியவில்லை.

ராத்திரி மாமாவுக்கு போன் போட்டேன். முப்பது வருடம் வடக்கே லோடு ஓட்டியவர், இப்போது திண்ணையோடு சரி. பம்பை இறக்கச் சம்மதிக்கட்டுமா என்று கேட்கத்தான் கூப்பிட்டேன். அவர் அதற்குப் பதிலே சொல்லவில்லை.

"வண்டிய நீ எதுல அணைப்ப?"

"சாவியிலதான் மாமா."

"எங்க காலத்துல கேபிளப் புடிச்சு இழுப்போம். சாவியில அணையுதுன்னா பம்புல சோலினாய்டு இருக்கும், கரன்ட் வந்தாத்தான் அது டீசல விடும். சாவி சுவிட்ச மாத்துனேன்னு சொன்னியே, அதுக்குக் கரன்ட் வருதான்னு பார்த்தியா? ஓட்டிட்டுப் போன வண்டியில பம்பு எப்படிடா கெட்டுப்போகும்?"

காலையில் முதல் வேலையாக எலக்ட்ரீஷியனிடம் இதைச் சொன்னேன். அவருக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. டெஸ்ட் லாம்ப்பைச் சோலினாய்டு வயரில் வைத்து, சாவியை ஆன் செய்து காட்டினார், லாம்ப் எரிந்தது. "கரன்ட் வருதுங்களே, பாருங்க." டக்கென்று சோலினாய்டு சத்தமும் கேட்டது. அவர் அதோடு லாம்ப்பை எடுக்கப் போனார், எடுக்காதீங்க என்று சொல்லிவிட்டு கிளீனரைச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். செல்ஃப் சுற்ற ஆரம்பித்த நொடியில் லாம்ப் அணைந்தது. சாவியை விட்டதும் திரும்ப எரிந்தது.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

சாவி சுவிட்சின் பின்னால் 30, 15, 50 என்று எண் போட்டிருக்கும். 30 பேட்டரியிலிருந்து வருவது, 50 செல்ஃபுக்குப் போவது, 15 ஆன் செய்ததிலிருந்து செல்ஃப் அடிக்கும்போதும் விடாமல் கரன்ட் இருக்க வேண்டிய இடம். இதற்கு மேல் இன்னொரு கால் உண்டு, பாட்டுப் பெட்டி, ஃபேன் மாதிரி சாமான்களுக்கு. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரிக்குச் சுமை குறையட்டும் என்று சுவிட்ச் அதை மட்டும் துண்டித்துவிடும். நம்ம ஆள் புது சுவிட்ச் மாட்டும்போது இரண்டு வயரை இடம் மாற்றிவிட்டார். பாட்டுப் பெட்டி 15இல், டீசல் சோலினாய்டு பாட்டுப் பெட்டி இடத்தில். இன்ஜின் சுற்றும்போது டீசல் இல்லை, டீசல் வரும்போது இன்ஜின் சுற்றவில்லை. அந்த உதறல் இரண்டும் ஒரு கணம் சந்தித்துக்கொண்டது. முன்பெல்லாம் செல்ஃப் அடித்தால் பாட்டு நின்று திரும்ப வரும், இந்த மூன்று நாளும் ஒரு தடவைகூட நிற்கவில்லை. காது இருந்தும் கேட்கவில்லை.

உங்களுக்கு இப்படி ஆனால் வயரைத் தேடுவதற்கு முன்னால் ஒரு குறுக்கு வழி இருக்கிறது: சோலினாய்டு வயரைக் கழற்றிவிட்டு, நடுவில் ஃப்யூஸ் வைத்த ஒரு தனி வயரால் பேட்டரியிலிருந்து நேராகக் கரன்ட் கொடுத்துச் செல்ஃப் அடித்துப் பாருங்கள். பிடித்துவிட்டால் பம்பு நல்ல பம்பு. அந்த வயரைப் பிடுங்கினால் இன்ஜின் அணைந்துவிடும். இதைச் செய்யாமல் பம்பில் ஸ்பேனர் வைக்க யாரையும் விடாதீர்கள். டெஸ்ட் லாம்ப் வைத்தால் ஆன் நிலையில் ஒரு தடவை, செல்ஃப் அடிக்கும்போது ஒரு தடவை என்று இரண்டையும் பாருங்கள். லாம்ப்பில் 24 வோல்ட் பல்பு போட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், கார் பல்பு போட்டால் பொசுக்கென்று போய்விடும்.

வயரை மாற்றிப் போட ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பம்ப் மெக்கானிக்குக்கு வந்த கூலி எழுநூறு என் கையிலிருந்துதான் போனது, குட்டி யானை வாடகையைக் கேட்டதற்கு எலக்ட்ரீஷியன், "பெயின்டர்கிட்டக் கேளுங்கண்ணா" என்றார். பெயின்டர் போனை எடுக்கவில்லை. எஃப்.சி. அரை நாளில் முடிந்தது.

அன்றைக்குச் சாவியைத் திருப்பியது கிளீனர்தான். பாட்டு பாதி வரியில் நின்றது, ஐயோ என்று அவன் சுவிட்சிலிருந்து கையை எடுப்பதற்குள் வண்டி பிடித்துவிட்டது.