கைவிட்டாலும்: லெந்து நாட்களின் குறிப்பு

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன், லெந்து என்கிற தவக்காலத்தின் முதல் நாள். நான் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள் இல்லத்திலிருந்து, கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆராதனைக்குப் பதினோரு பேரைக் கூட்டிப் போனேன். பன்னிரண்டாவது ஆள் கட்டிலுக்கு அடியில். இங்கே அவளைச் சிட்டு என்று எழுதுகிறேன். உண்மைப் பெயரை எழுதச் சட்டம் விடாது, எனக்கும் மனசு வராது.

திரும்பி வந்தபோது தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டு எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்பக்கத் தாழ்ப்பாள்.

மார்ச் 6, வியாழன்

வியாழன்.

மார்ச் 8, சனி

ராத்திரி ஜெபத்துக்குச் சிட்டு ஏன் வருவதில்லை என்று இன்று தெரிந்தது. "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று எல்லாரும் சொல்லும்போது, பிதான்னா யாருடி என்று பக்கத்துக் கட்டில் பெண்ணிடம் கேட்டிருக்கிறாள். அப்பா என்று அது சொல்லியிருக்கிறது. அவ்வளவுதான். அன்றிலிருந்து கட்டிலுக்கு அடியில்.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல முடியுமா? அதற்கு அப்பா என்றால் 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த காலையில் தேவனாம்பட்டினத்தில் அண்ணனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிய மனுஷன். அது பிறப்பதற்கு முன்னால் நடந்தது, ஆனால் பார்த்த மாதிரியே சொல்லும். அவரும் இப்போது இல்லை. இருந்தாலும் அப்பா என்று சொல்லும்போது அதன் முகம் மலரும். சிட்டுவுக்கு அதே சொல் என்னவென்று அவளுடைய எஃப்.ஐ.ஆரில் இருக்கிறது.

முப்பது வருஷமாக இந்த ஜெபத்தைச் சொல்லிக்கொடுத்துவருகிறேன். முதல் வரியே ஒரு பிள்ளையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. ஆயரிடம் கேட்டேன். "பிதா என்றால் நல்ல தகப்பன் என்று விளக்குங்கள்" என்றார். நல்ல மனுஷர்தான். ஆனால் எட்டு வயசுக்கு முதலில் வருவது விளக்கம் இல்லை, முகம்.

யாரையும் ஜெபத்துக்கு வற்புறுத்தக் கூடாது என்பது இங்கே விதி. அவள் வீட்டுச் சாமி அங்காளம்மன், அது அவளுக்கு இருக்கட்டும். என் கவலை அவள் ஜெபிக்கவில்லை என்பது இல்லை. என் சாமியின் பெயரைக் கேட்டு ஒரு பிள்ளை ஒளிகிறதே, அதுதான்.

மார்ச் 9, ஞாயிறு

முதல் வரியை வாய்க்குள்ளேயே சொல்லிவிட்டு "உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக" என்பதிலிருந்து சத்தமாகச் சொன்னேன். பெரிய பிள்ளைகள் ஒரு மாதிரி பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மார்ச் 12, புதன்

மாசி மகம். சில்வர் பீச்சில் சாமிகள் வரிசையாக நிற்க, கால் வைக்க இடமில்லை. எட்டு பேரைக் கூட்டிப் போனது தப்பு. தலை எண்ணி எண்ணியே எனக்குத் தலை சுற்றியது.

தீர்த்தவாரி முடிந்து பல்லக்குகள் திரும்பும்போது சிட்டு சொன்னாள்: "சாமியக்கூட திரும்பக் கூட்டிட்டுப் போயிடுறாங்கல்ல பெரியம்மா."

சுண்டல் வாங்கிக்கொடுத்தேன். வேறு என்ன செய்ய?

மார்ச் 16, ஞாயிறு

பிரசங்கம் பைபிளின் சங்கீதம் 27 மேல். "என் தகப்பனும் என் தாயும் என்னைக் கைவிட்டாலும், கர்த்தர் என்னைச் சேர்த்துக்கொள்ளுவார்." ஆயர் "சேர்த்துக்கொள்ளுவார்" பற்றியே முக்கால் மணி நேரம் பேசினார். நான் "கைவிட்டாலும்" என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். கைவிடமாட்டார்கள் என்று சங்கீதக்காரன் சமாதானம் சொல்லவில்லை. கைவிடுவார்கள், நடக்கும். நடந்ததை நடந்தது என்று ஒத்துக்கொண்டுதான் அந்த வசனம் ஆரம்பிக்கிறது. பெற்றவள் விடுவாளா என்று ஊரே பேசும்போது பைபிள் பேசவில்லை.

சிட்டுவும் வந்திருந்தாள், தானாகவே. வெளியே வந்ததும் கேள்வி. "சேத்துக்குவார்னா ஸ்கூல்ல சேக்குற மாதிரியா? டி.சி. கேப்பாரா?"

பொங்கல் கழிந்து அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க நான் அலைந்த அலைச்சல் அப்படி. டி.சி. இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. அதை அச்செடுத்து மேஜையில் வைத்த பிறகுதான் வேலை நடந்தது.

கேட்கமாட்டார் என்றேன். "ஆதார்?" என்றாள்.

மார்ச் 20, வியாழன்

தாழ்ப்பாளுக்குத் தேங்காயெண்ணெய் விட்டேன். சத்தம் போய்விட்டது. சிட்டு அழுதாள். சத்தம் இருந்தால்தான் யாராவது திறந்தால் கேட்குமாம். துணியால் துடைத்துப் பார்த்தேன், பழைய சத்தம் வரவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

யாரோ ஒருவர் பேரனுடைய பிறந்தநாளுக்குக் கேக்கோடு வந்தார். பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்துப் போட்டோ எடுக்கப் பார்த்தார், கூடாது என்றேன். முகம் சுருங்கிவிட்டது. அப்புறம் ஐந்து நிமிஷம் புத்திமதி: தாய் தகப்பனைக் கனம்பண்ணுங்கள், அவர்கள் என்ன செய்திருந்தாலும் மன்னித்துவிடுங்கள், அதுதான் கிறிஸ்தவ அன்பு.

என்ன செய்திருந்தாலும்! அவருக்கு என்ன தெரியும், என்ன செய்தார்கள் என்று? கேக் கூட உள்ளே போகவில்லை எனக்கு.

மார்ச் 27, வியாழன்

வாய்தா. குழந்தையின் சாட்சியத்தை முப்பது நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்று 2012 போக்சோ சட்டம் சொல்கிறது, முடிந்தவரை ஒரு வருஷத்துக்குள் வழக்கையே முடிக்கவும் சொல்கிறது. எங்களுக்கு இது மூன்றாவது தேதி. ஒவ்வொரு தடவையும் அவள் மூன்று நாள் முன்பிருந்தே சாப்பிடமாட்டாள்.

அடுத்தது ஏப்ரல் 17. அதுவும் வியாழன்தான்.

சாயங்காலம் தனியாகக் கடற்கரைக்குப் போனேன். மத்தேயு 18 ஞாபகம் வந்தது. இந்தச் சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவன் கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் அமிழ்த்துவதே அவனுக்கு நலம் என்று இயேசு சொன்னது. கேக்குக்காரர் இதைப் படித்திருக்கமாட்டார். அலையைப் பார்த்துக்கொண்டே கல்லின் எடையைக் கணக்குப் போட்டேன். பாவம்தான். போட்டேன்.

ஏப்ரல் 2, புதன்

விடியற்காலையில் சிட்டுவுக்குக் காய்ச்சல், முதுகில் கொப்புளம். சமையல் ஆயா பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "இவளுக்கு அம்மா வந்திருக்கா" என்றாள்.

நான் குளியலறையில் இருந்தேன். வெளியே வருவதற்குள் பிள்ளை படியிறங்கி, முற்றம் தாண்டி, வெறுங்காலோடு கேட்டுக்குப் போய்விட்டாள். 102 டிகிரி காய்ச்சலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நிற்கிறாள். "எங்க? எங்க பெரியம்மா?"

அம்மை என்று சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா! ஆயாவைத் திட்டினேன். பிறகு அவளும் அழுதாள், நானும் அழுதேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

ஜி.எச்.சில் மாத்திரை கொடுத்தார்கள், நகத்தை ஒட்ட வெட்டச் சொன்னார்கள். ஆயா படுக்கையைச் சுற்றி வேப்பிலை வைத்திருக்கிறாள். லெந்து நாளில் வேப்பிலையா என்று ஒருவர் கேட்டார். நான் எடுக்கவில்லை. அரிப்புக்கு அதனால் தடவினால் பிள்ளை தூங்குகிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. சிட்டுவின் பக்கத்தில் உட்கார்ந்து கோழிக் கதை சொன்னேன். எருசலேமைப் பார்த்து, கோழி குஞ்சுகளைச் சிறகின்கீழ் சேர்த்துக்கொள்வதுபோல உன்னைச் சேர்த்துக்கொள்ள எத்தனை தடவை நினைத்தேன் என்று இயேசு சொன்னாரே, அது. "சாமி கோழியா?" என்றாள். அன்றைக்கு அப்படித்தான் சொன்னார் என்றேன். யோசித்தாள். "எங்க பாட்டி வீட்டுக் கோழி பருந்தையே கொத்தும்."

ஏப்ரல் 9, புதன்

அவள் அம்மா போன் செய்தாள். கேட்டிலேயே நிற்கிறாளோ என்று ஒரு நொடி என் நெஞ்சும் அடித்துக்கொண்டது. பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. "கோர்ட்ல மாத்திச் சொல்லச் சொல்லுங்க, அந்தாள் வெளிய வந்தாத்தான் எங்களுக்குச் சோறு" என்றாள். குரல் நடுங்கியது. திட்டத்தான் நினைத்தேன், வாய் வரவில்லை. பின்னால் ஒரு கைக்குழந்தை அழுதுகொண்டிருந்தது.

குழந்தைகள் நலக் குழுவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன், வக்கீலுக்கும் சொல்லிவிட்டேன். சிட்டுவிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா? அம்மா போன் செய்தாள் என்று மட்டும் சொன்னால் பாதிப் பொய். முழுசாகச் சொன்னால்? ஏசாயா 49-ஐ எடுத்தேன். ஸ்திரீயானவள் தன் பாலகனை மறப்பாளோ என்று கேட்டுவிட்டு, அடுத்த மூச்சில் "அவர்கள் மறந்தாலும்". மறுபடியும் அதே ஆலும்.

என்னை ஹாஸ்டலில் விட்டுவிட்டுப் போகும்போது எங்கள் அம்மா சொன்னது: வியாழக்கிழமை வர்றேன். எந்த வியாழக்கிழமை என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

ஏப்ரல் 11, வெள்ளி

முதல் தண்ணீர் ஊற்றியாயிற்று. "அம்மா இறங்கிட்டா" என்று சொல்ல வந்த ஆயா பாதியிலேயே வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

குருத்தோலை. எல்லாரும் சிலுவை மடித்தார்கள். சிட்டு கோழி மடித்தாள். வால் சரியாக வரவில்லை.

ஏப்ரல் 16, புதன்

நீலப் பாவாடையை இஸ்திரி போட்டேன். நெற்றியில் ஒரு தழும்பு நிற்கும்போல. அந்தாளை அவள் பார்க்க வேண்டியிராது, நடுவில் திரை இருக்கும், நிறுத்தித் தண்ணீர் குடிக்கலாம், எல்லாம் சொல்லிவிட்டேன். "மறந்துட்டா?" என்றாள். ஞாபகம் இருக்கிறதைச் சொன்னால் போதும் என்றேன்.

"நாளைக்கு நீங்க வருவீங்கல்ல?"

வர்றேன் என்றேன். யாரிடமும் லேசில் சொல்லாத வார்த்தை.

ராத்திரி ஜெபத்தில் உட்கார்ந்தாள். வாயைத் திறக்கவில்லை. மடியில் ஓலைக்கோழி.

ஏப்ரல் 17, வியாழன்

காலை 5.40. எனக்கு முன்பே எழுந்து தலை பின்னிக்கொண்டிருக்கிறாள். ஒரு பக்கம் ரிப்பன் கிடைக்கவில்லை. தேடப் போகிறேன்.