ஒரு சென்டிமீட்டர் வித்தியாசமுள்ள இரண்டு ஜாஸ் பேஸ்கள்

புதிய பேஸ் கிட்டார் வாங்குவதென்று முடிவானபோது, ஃபெண்டர் நிறுவனம் வடிவமைத்த ஜாஸ் பேஸ் வகைதான் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. கடைசிவரை தேர்வில் நின்றவை ஒரே நிறுவனம் தயாரித்த இரண்டு பேஸ்கள். ஒன்று 1960களின் அமைப்பைப் பின்பற்றியது, மற்றொன்று 1970களின் அமைப்பைப் பின்பற்றியது. விலை ஏறத்தாழ ஒன்றே. இரண்டிலும் தந்தி நீளம் 34 அங்குலம், நட் (தலைப்பக்கம் தந்திகள் தங்கும் பள்ளப் பட்டை) அருகே நெக்கின் அகலம் சுமார் 38 மி.மீ.; தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் பிக்கப்கள் இரண்டு, ஒவ்வொன்றும் ஒற்றைக் கம்பிச்சுருள் கொண்ட சிங்கிள் காயில் வகை; அவற்றுக்குத் தனித்தனி வால்யூம், இரண்டுக்கும் சேர்த்து ஒரு டோன் குமிழ்.

பார்த்தவுடன் தெரிவது தோற்ற வேறுபாடுதான். முதலாவதில் கருமையான ஃபிரெட்போர்டும் (விரலால் தந்தியை அழுத்தும் பலகை) சிறு புள்ளிகளும் இருந்தன. இரண்டாவதில் வெளிர்நிற மேப்பிள் ஃபிரெட்போர்டும் செவ்வகக் குறிகளும் இருந்தன. வாங்குபவர்களில் பலர் இந்த அழகை வைத்தே முடிவு செய்துவிடுகிறார்கள். முக்கியமான வேறுபாடு பிரிட்ஜ் (உடற்பகுதியில் தந்திகளைத் தாங்கும் பாகம்) பக்கத்துப் பிக்கப்பில் இருக்கிறது. ஃபெண்டர் நிறுவனம் 1960இல் அறிமுகப்படுத்திய ஜாஸ் பேஸில் அந்தப் பிக்கப் இருந்த இடம், 1970களின் தொடக்கத்தில் பிரிட்ஜை நோக்கிச் சுமார் ஒரு சென்டிமீட்டர் நகர்த்தப்பட்டது. கடையில் ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தேன். அந்த ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் இவ்விரண்டுக்கும் இடையே அப்படியே இருந்தது.

ஒரு சென்டிமீட்டரில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றலாம். தந்தி பிரிட்ஜில் அசையாமல் நிற்பதால், அதற்கு மிக அருகில் தந்தியின் அலைவு சிறியதாகவே இருக்கும். அங்கே அடிப்படைச் சுரம் மெலிந்து, மேல் ஒத்திசைகள் (அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்தெழும் உயர் ஒலிகள்) ஒப்பளவில் தூக்கலாகக் கேட்கும். அந்தப் பிக்கப் ஏற்கெனவே பிரிட்ஜிலிருந்து சில சென்டிமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது என்பதால், அதில் ஒன்று குறைவது பெரிய மாற்றம். பிக்கப்பை இன்னும் நெருக்கினால் ஒலி கூர்மையாகவும் இறுக்கமாகவும் வரும், ஆனால் அடிக்கனம் குறையும். இரண்டு பிக்கப்களையும் முழுதாகத் திறக்கும்போதும், அவற்றுக்கு இடையிலுள்ள தூரத்துக்கு ஏற்ப எந்த ஒத்திசைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன என்பது மாறுவதால், இடைப்பட்ட ஒலியின் நிறமே வேறாகிறது.

புகழ்பெற்ற பேஸ் கலைஞர்கள் இருவரைப் பார்ப்போம்: ஜாக்கோ பாஸ்டோரியஸ் வாசித்தது 1962ஆம் ஆண்டு ஜாஸ் பேஸ். மார்கஸ் மில்லரின் கையில் இருப்பது 1977ஆம் ஆண்டுடையது. முன்னதில் ஃபிரெட்கள் (ஃபிரெட்போர்டில் பதித்த உலோகக் கம்பிகள்) நீக்கப்பட்டிருந்தன, பின்னதில் கருவி வடிவமைப்பாளர் ரோஜர் சடோவ்ஸ்கி, ஒலியைப் பெருக்கிச் சீர்செய்யும் ப்ரீஆம்ப் பொருத்தினார். ஆகவே இருவரின் ஒலியையும் பிக்கப்பின் இடம் ஒன்றுக்கே வரவு வைப்பது தவறு. இருந்தாலும், விரலால் வாசிக்கும்போது பிரிட்ஜ் பிக்கப்பிலிருந்து எழும் அந்தப் பாடும் உறுமலை விரும்புகிறவர் 60களின் பக்கமும், கட்டைவிரலால் தந்தியை அடித்து ஸ்லாப் செய்கிறவர் 70களின் பக்கமும் சாய்வது இயல்பானதே.

ஒப்பிட்டுப் பார்ப்பதில் முதல் தடையாக இருந்தவை தந்திகள். ஒன்றில் புதிய தந்திகள், மற்றொன்றில் பலர் கைபட்டு மங்கியவை. அந்த நிலையில் கேட்டால் பேஸைவிடத் தந்தியைத்தான் ஒப்பிட்டுக்கொண்டிருப்போம். இரண்டிலும் ஒரே வகைத் தந்திகளைப் போட்டுத் தரக் கேட்டேன், அவர்களும் முகம் சுளிக்காமல் செய்து தந்தார்கள். ஆம்பில் எல்லாக் குமிழ்களையும் நடுவில் வைத்து, டோனை முழுதாகத் திறந்து வாசித்தேன். தந்தியின் உயரம், பிக்கப்பின் உயரம், ட்ரஸ் ராட் (நெக் வளையாமல் நேராக்கும் உட்கம்பி) ஆகியவற்றை எப்போது வேண்டுமானாலும் சரிசெய்துகொள்ளலாம் என்பதால் அவற்றில் மனத்தைச் செலுத்தவில்லை. பிக்கப்பின் இடத்தையும், நெக்கின் பின்புறம் கைக்குப் படும் வடிவத்தையும், தோளில் தொங்கும்போது தலைப்பகுதி கீழே சாய்கிறதா என்பதையும்தான் பார்த்தேன், ஏனெனில் இவற்றோடுதான் கடைசிவரை வாழ வேண்டும்.

ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு ஃபிரெட்டாக அழுத்தி, சுரம் தானாக அடங்கும்வரை காத்திருந்து கேட்டேன். இந்த வகை பேஸ்களில் ஜி தந்தியின் ஐந்தாம் ஃபிரெட்டிலிருந்து ஏழாம் ஃபிரெட்வரை எங்கேனும் ஒரு சுரம் சட்டென்று செத்துவிடுவது பலரும் அறிந்தது. நெக்கின் சொந்த அதிர்வெண் அந்தச் சுரத்தோடு ஒத்துப்போகும்போது, தந்தியின் ஆற்றலை நெக் உறிஞ்சிக்கொள்கிறது. 70களின் அமைப்பில் ஐந்தாம் ஃபிரெட்டின் சி சுரம் அப்படித்தான் அடங்கியது. மற்றதிலும் ஆறாவதில் குறை இருந்தது, ஆனால் காதை உறுத்தும் அளவுக்கு இல்லை. இது மாடலைப் பொறுத்ததன்று; ஒரே மாடலில் இரண்டை எடுத்தாலும் வேறுபடும். அதனால் கைக்கு வரும் கருவியையே வாசித்துப் பார்க்காமல் வாங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

பிரிட்ஜ் பிக்கப்பை மட்டும் திறந்தால் எழும் ஹம் (மின் இரைச்சல்) இரண்டிலும் ஒரே அளவுதான். சீரியல் விளக்குகள் நிறைந்த கல்யாண மண்டபத்தில் அது தொல்லை தரும்; இரண்டு வால்யூம்களையும் முழுதாக வைத்தால் அடங்கிவிடும்.

ஸ்லாப்பில் 70களின் அமைப்பு தந்த பளிச்சென்ற ஒலி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் நான் வாசிப்பது மெல்லிசைக் குழுவில். இரண்டு கீபோர்டுகளும் தபேலாவும் மின்னணுத் தாளப் பேடும் மேல் ஒலிகளை ஏற்கெனவே நிரப்பிவிடுகின்றன. இளையராஜாவின் பாடல்களில் பேஸ் வரி தானே ஒரு மெட்டாக நடப்பதால், ஒவ்வொரு சுரமும் உருண்டு திரண்டு, அதே சமயம் தெளிவாகக் கேட்க வேண்டும். அதற்குத் தேவையான இடைக்கனம் 60களின் அமைப்பில் இருந்தது, அதையே வாங்கினேன். இப்போது பெரும்பாலும் பிரிட்ஜ் பிக்கப்பை முழுதாகவும், நெக் பிக்கப்பைச் சற்றே குறைத்தும் வைக்கிறேன். அப்படி வைக்கும்போது லேசான ஹம் திரும்பிவருகிறது, ஆனால் முழுக் குழுவும் வாசிக்கும்போது அது காதில் விழுவதில்லை.