இடுப்பில் மட்டும் ஏறிய இரண்டு இன்ச்

போன வாரம் மகனுக்குச் சீருடை தைக்கக் கொடுத்தோம். நாடாவைச் சுற்றிய தையல்காரர், "கை கால் குச்சியா இருக்கு, இடுப்பு மட்டும் ரெண்டு இன்ச் ஏறியிருக்கே சார்" என்றார். என் அம்மாவோ, "பிள்ளை இளைச்சுட்டான்" என்று சாதத்தில் இன்னொரு கரண்டி நெய் விடுகிறவர்.

எனக்கு உடனே சர்க்கரை நோயை ஆராயும் புனே டாக்டர் யாக்னிக் ஞாபகம் வந்தது. 2004இல் லான்செட் மருத்துவ இதழில் அவரும் லண்டன்காரர் ஜான் யட்கினும் சேர்ந்து நிற்கும் படம் வந்தது. இருவருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, ஒரே 22.3. உடல் கொழுப்பு? யட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2! புனே கிராமங்களில் அவர் குழு எடைபோட்ட பச்சிளம் குழந்தைகளும் இதே கதைதான். சராசரி 2.7 கிலோதான், தசை குறைவு, தோலடிக் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை.

அப்புறம், 2015இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தார் 800 பெரியவர்களைக் கவனித்தார்கள். ஒரே சாப்பாடுதான், ஆனால் ரத்தச் சர்க்கரை ஆளுக்கு ஒரு மாதிரி ஏறியது. அண்ணன் மகனின் டயட் சார்ட்டை நகலெடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தேன். கிழித்துவிட்டேன்.

இப்போது மாலைப் பாலில் சர்க்கரை இல்லை, கூடவே சுண்டல். பிறகு தெருவில் ஒரு மணி நேரம் கிரிக்கெட். நெய்க் கரண்டி விஷயம் மட்டும் அம்மாவோடு இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது.