கன்னுக்குட்டிக்கு விட்ட பால்

காலையில் ஐந்தரைக்கெல்லாம் பால் சொசைட்டி ஷட்டரைத் தூக்கிவிட வேண்டும். கொஞ்சம் பிந்தினால் போதும், படியில் நாலைந்து தூக்குப்போசி வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஆட்கள் வேப்பமரத்தடியில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். ஆளுக்குப் பதிலாகப் போசி வரிசையில் நிற்பது எங்கள் ஊர் வழக்கம். எந்தப் போசி யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். முந்திக்கொள்ள யாரும் நினைப்பதில்லை.

காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகிற சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, இட்டேறி வழியாக, அதாவது இரண்டு பக்கமும் வேலி போட்ட வண்டிப்பாதையில், உள்ளே நடந்து வர வேண்டிய ஊர் இது. 2001-இல் இங்கே பாலைச் சோதித்துப் பார்க்கிற டெஸ்டராகச் சேர்ந்தேன். இப்போது செயலாளர். பால் அட்டை, பட்டுவாடா, கணக்கு என்று வேலை மாறிவிட்டது. ஆனாலும் வாரத்தில் பாதி நாள் டெஸ்ட் மேசையில் நானே போய் உட்கார்ந்துகொள்கிறேன். ஏன் இந்த வேலை உங்களுக்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை.

சேர்ந்த புதிதில் இந்த வேலை எனக்குப் பிடிக்கவே இல்லை. கூடப் படித்தவர்கள் பாதிப் பேர் திருப்பூருக்கு பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பைக்கில் வந்து, “இன்னும் பால்ல தண்ணி இருக்குதான்னு பாத்துட்டுத்தான் இருக்கறயாடா?” என்று கேட்பார்கள். அவர்கள் கேட்டதில் தப்பில்லை. எனக்கும் அந்த எண்ணம்தான் இருந்தது. இன்னும் கொஞ்ச நாள், அப்புறம் நானும் போய்விடுவேன், அங்கே போனால்தான் எனக்கு நல்லது தொடங்கும் என்று ஐந்து வருஷத்தை ஓட்டினேன். அந்த ஐந்து வருஷத்தில் யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்று இப்போது யோசித்தால் ஒன்றுமே நினைவில் இல்லை. பேரேட்டில் என் கையெழுத்து மட்டும் இருக்கிறது.

அப்போதெல்லாம் இயந்திரம் கிடையாது. குழாயில்தான் ஃபேட், அதாவது பாலில் உள்ள கொழுப்பு, பார்ப்போம். முதலில் 10 மில்லி கந்தக அமிலம். அதன் மேல் கலக்காமல் பைய 10.75 மில்லி பால். அப்புறம் 1 மில்லி அமைல் ஆல்கஹால். தக்கையை இறுக்கி, துணியில் சுற்றிக் குலுக்கினால் குழாய் கை பொறுக்காத சூடாகிவிடும். பால் கருத்துப் போகும். அதைச் சுழற்றி எடுத்து, வெந்நீரில் வைத்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்தால், கழுத்தில் தேன் நிறத்தில் ஒரு சின்னத் தூண் நிற்கும். அதுதான் கொழுப்பு. அந்தத் தூண் எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் ஃபேட். மார்கழி மாதம் பனி கொட்டும்போது அந்தச் சூட்டுக்காகவே குழாயை இன்னொரு நிமிஷம் கையில் வைத்திருப்பேன். இப்போது வந்திருக்கிற மெஷினில் ஒரு நிமிஷத்துக்குள் ஃபேட், எஸ்.என்.எஃப் (கொழுப்பு போக மிச்சம் உள்ள சத்து) எல்லாம் வந்துவிடுகிறது. நல்லதுதான், அமிலம் தெறிக்கிற பயம் இல்லை. ஆனால் அந்தத் தேன் நிறத் தூணைப் பார்க்க முடியாததில் எனக்கு வருத்தம் உண்டு.

2006 தை மாதம் என்று நினைவு. ஊருக்கு வெளியே கொறங்காட்டுச் சாளையில், அதாவது மேய்ச்சல் காட்டு வீட்டில், ஒரு ஆத்தா தனியாக இருந்தார். ஒரே ஒரு காங்கேயம் மாடு. அந்த மாடு ஜெர்சியைப் போலக் கறக்காது. நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர் கறந்தாலே அதிகம். கன்று வந்து முட்டினால்தான் பாலையே இறக்கும். ஆத்தா வீட்டுக்குப் போக மிச்சத்தை ஊற்ற வருவார், ஒரு லிட்டரோ ஒன்றரையோ. ஃபேட் எப்போதும் 4.2 பக்கம் நிற்கும். அன்றைக்குக் குழாயைத் தூக்கிப் பார்த்தால் 3.1. பாலின் அடர்த்தியைக் காட்டும் லாக்டோமீட்டரை விட்டால் டிகிரி குறையவில்லை, வழக்கமாக 28 காட்டுவது 29 காட்டியது.

பால் வேலை தெரிந்தவர்களுக்கு இது புரியும். தண்ணீர் ஊற்றியிருந்தால் டிகிரி இறங்கும். டிகிரி ஏறி ஃபேட் மட்டும் இறங்கினால், ஆடையை எடுத்துவிட்டு ஊற்றியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வரிசையில் பத்துப் பேர் இருக்கும்போதே கேட்டுவிட்டேன். “என்னங்காத்தா, வெண்ணெய் எடுத்துட்டீங்களா?”

அவர் கோபப்படவில்லை. போசியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

“வெண்ணெயெல்லாம் எடுக்கலீங் சாமி. கன்னுக்குட்டி மூணு நாளா எந்திரிக்காமக் கெடந்துச்சு. இன்னைக்கு வெடியால தானா எந்திரிச்சு வந்து முட்டுச்சு. செரி குடிச்சிட்டுப் போவுதுன்னு கடைசிப் பால அதுக்கே விட்டுட்டனுங்க.”

சொல்லும்போது அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. வரிசையில் நின்றவர்களும், “எந்திரிச்சிருச்சுங்ளா?” என்று அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். கன்று மூன்று நாளாகக் கிடந்தது அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

மடியில் முதலில் இறங்கும் பால் நீர்த்தது. கடைசியாக ஒட்டக் கறக்கும் பாலில்தான் கொழுப்பு திரண்டு நிற்கும். பயிற்சியில் எனக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் அதைக் கணக்காக மட்டும் தெரிந்து வைத்திருந்தேன். ஆத்தா அதைத் தெரிந்துதான் கன்றுக்கு விட்டிருக்கிறார். காசு குறையும் என்பதும் அவருக்குத் தெரியும். 3.1 என்று நான் அட்டையில் எழுதிய எண்ணைப் பார்த்துக்கூட அவர் முகம் மாறவில்லை. ஏதோ பரிசு வாங்கியவரைப் போல அட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

அன்றைக்கெல்லாம் எனக்கு வேலை ஓடவில்லை. பொழுதோட சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தச் சாளைக்குப் போனேன். சுற்றிலும் முள்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல் காய்ந்து நின்றது, நடுவில் வெள்வேல மரங்கள். கன்று நல்ல செவலை நிறம். என்னைப் பார்த்ததும் தாய்க்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு, வயிற்றுக்கு அடியில் தலையை நீட்டி எட்டிப் பார்த்தது. வாயோரத்தில் நுரை. நான் மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆத்தா அதைக் கேட்கவே விடவில்லை. “சித்தெ உக்காருங் சாமி” என்று கட்டிலைக் காட்டிவிட்டு, கருப்பட்டிக் காப்பி போட உள்ளே போய்விட்டார். அந்தக் கட்டிலில் அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கன்று பயம் தெளிந்து, கடைசியில் என் சட்டை நுனியைச் சப்பியது. ஈரம் பட்ட அந்த நுனி வீடு வந்து சேரும் வரை காயவில்லை.

காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும், ஆறு மாதத்தில் சாம்பல் நிறமாகிவிடும். நான் இந்த ஊரிலேயே பிறந்தவன், ஆனால் அது மாறுவதை அதுவரை நின்று பார்த்ததில்லை. அந்த வருஷம் பார்த்தேன். முதலில் முகம் வெளுத்தது. அப்புறம் விலா. ஆடிக் காற்று அடிக்கத் தொடங்கியபோது காது ஓரத்தில் மட்டும் கொஞ்சம் செம்மை மிச்சம் இருந்தது. வாரம் ஒருமுறை போய்ப் பார்ப்பேன். திருப்பூருக்குப் போகிற பேச்சை எப்போது விட்டேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது. அந்தக் காது ஓரம் சாம்பலாவதற்குள் விட்டிருந்தேன்.

அதற்குப் பிறகு இதே மேசையில் உட்கார்ந்து எத்தனையோ பார்த்திருக்கிறேன். மாடு ஈன்ற வீட்டுப் பாலை முதல் சில நாட்களுக்குச் சொசைட்டியில் வாங்க மாட்டோம். அந்த வீட்டுக்காரர் அப்போதும் வருவார். கருப்பட்டி போட்டு அவித்த சீம்பாலைக் கிண்ணத்தில் மூடிக்கொண்டு வந்து, “காளைங்க” என்றோ “கெடாரிங்க” என்றோ சொல்லிவிட்டு வைத்துவிட்டுப் போவார். ஐப்பசியில் ஒரு நல்ல மழை பெய்தால் போதும், கொறங்காடு ஒரு வாரத்தில் பச்சை கட்டிவிடும். அடுத்து வரும் நாட்களில் வரிசையில் நிற்பவர்களின் பேச்சே வேறு மாதிரி இருக்கும், குரலே கொஞ்சம் ஓங்கிவிடும். பாலைக் குளிர வைக்கும் கூலர் வருவதற்கு முன்னால், பால் வண்டி பிந்தினால் எனக்கு வயிற்றைக் கலக்கும். ஒரு சித்திரையில் வண்டி வழியில் நின்றுபோய் ஆறு கேன் பால் கெட்டுப்போனதும் உண்டு. அப்படிக் காத்திருந்த நாட்களில்தான் ஊர்க்கதை முழுக்கக் கேட்டேன். இப்போது 4 டிகிரியில் பால் பத்திரமாக இருக்கிறது, யாரும் நிற்பதில்லை. அந்தப் பேச்சு இல்லாத குறைக்குத்தான் ஊற்றிவிட்டுக் கிளம்புகிறவர்களிடம் நானாக ஒரு வார்த்தை கேட்டு நிறுத்துகிறேன்.

பட்டிப் பொங்கல், அதுதான் மாட்டுப் பொங்கல், அன்று எங்கள் சொசைட்டிக்குப் பால் குறையும். பல வீடுகளில் அன்றைக்குக் கன்றை நேரத்தோடு கட்ட மாட்டார்கள், வேண்டிய மட்டும் குடிக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். மேலே அனுப்புகிற கணக்கில் அந்த நாளுக்கு எதிரே ஒரு பள்ளம் விழும். ஒருமுறை புதிதாக வந்த அதிகாரி, இது ஏன் ஒவ்வொரு வருஷமும் இறங்குகிறது என்று கேட்டார். “நோம்பிங்க, கன்னுங்க குடிச்சிருச்சுங்க” என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டுச் சிரித்தார். அவர் வீட்டிலும் மாடு இருந்திருக்க வேண்டும்.

அந்த ஆத்தா இப்போது பால் ஊற்ற வருவதில்லை, வயதாகிவிட்டது. பேரன் மனைவி வருகிறாள். மாடு அந்தச் செவலைக் கன்றின் வழியில் வந்ததுதான். இன்று காலை மெஷினில் 3.3 காட்டியது. சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, “கன்னு எப்படியிருக்குது அம்மிணி?” என்று கேட்டேன்.

“இட்டேறி வரைக்கும் ஓடிப்போயிருச்சுங்ணா. புடிச்சிட்டு வரத்தான் இத்தன நேரம்” என்றாள். அவள் சேலை முந்தானையின் ஒரு நுனி நன்றாக நனைந்திருந்தது.